முப்பத்தொரு காற்றாலைகள்

போன வாரம் சத்யபிரியாவை எங்கே விட்டுவிட்டு வந்தோம்? சேலையூர் கேம்ப் ரோட்டில், ஸ்கூட்டியை ஓரங்கட்டிவிட்டு, பிரின்சிபால் அனுப்பியிருந்த மெசேஜை நாலாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தாள். 'வியாழக்கிழமை மூன்றாவது பீரியட் உங்கள் வகுப்பில் வந்து உட்காருவேன்.' பாவம், எத்தனை நாள்தான் அவளை ரோட்டிலேயே நிறுத்தி வைப்பது? இதோ, வியாழக்கிழமை வந்துவிட்டது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. எட்டு வருஷம் வீட்டோடு இருந்துவிட்டு, போன ஜூனில்தான் சத்யா பக்கத்துப் பள்ளியில் அறிவியல் டீச்சராகச் சேர்ந்தாள். தற்காலிக வேலை. மாமியார் கங்கையம்மாளுக்கு கேம்ப் ரோட்டில் சொந்தமாக ஃபேன்சி ஸ்டோர். பொங்கலன்று சொந்தபந்தம் அத்தனை பேரையும் கூட்டி வைத்துக்கொண்டு அந்த அம்மாள் ஒரு தீர்ப்பு சொன்னாள்.

"இந்த வருசம் பரீட்சை முடியறதுக்குள்ள வேலை பர்மனென்ட் ஆச்சுன்னா, போ. ஆவலைன்னா கடையில வந்து குந்து. என் முட்டி இனிமே தாங்காது."

சத்யாவும் ரோஷத்தில் சரி என்று சொல்லித் தொலைத்துவிட்டாள். இன்றைக்கு பிரின்சிபால் வந்து பார்க்கப்போவது அந்த பர்மனென்ட் வேலைக்காகத்தான்.

"இன்னா சத்யா, இன்னிக்குதானே உன் பெரிய வாத்தியாரு வர்றாரு?" என்றாள் கங்கையம்மாள், இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டே.

"ஆமா அத்தை."

"இன்னும் ரெண்டு துன்னுட்டுப் போ. காலி வயித்தோட போய் அங்க மயக்கம் போட்டு வுய்ந்து வைக்காத."

பேச்சில் அக்கறைதான். ஆனால் முகத்தில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புதான் சத்யாவுக்கு ஆகவில்லை. மூன்று நாளாகவே வீட்டில் ஏதோ நடக்கிறது. சாயங்காலமானால் கடையின் மாடி அறை உள்பக்கம் தாழ்ப்பாள். என்னவென்று கேட்டால், "ஸ்டாக் எடுக்கறோம்." கணவன் சுகுமாரும் பல்லாவரம் லெதர் கம்பெனியிலிருந்து வந்ததும் வராததுமாக அங்கேதான் ஓடினான். திரும்பி வரும்போது கையெல்லாம் பசை.

"என்னங்க இது?"

"கடையில ஒரு பலகை ஆடுச்சு. ஒட்டினேன்."

கடையில் தனக்கு உட்கார இடம் தயார் பண்ணுகிறார்கள் என்று சத்யா முடிவு கட்டிவிட்டாள். பரீட்சைக்கு முன்னாலேயே ரிசல்ட் தெரிந்த மாதிரி இருக்கிறார்களே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இட்லியைப் பாதியிலேயே வைத்தாள். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஏழாம் வகுப்பு பி பிரிவு. பாடம், புதுப்பிக்கத்தக்க ஆற்றலும் புதுப்பிக்க இயலாத ஆற்றலும். தலைப்பைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே பிள்ளைகளுக்குக் கொட்டாவி வந்துவிடும். அதனால்தான் சத்யா போன வாரமே சொல்லியிருந்தாள். ஆளுக்கொரு மாடல் செய்துகொண்டு வரணும். சூரிய அடுப்பு, சாண எரிவாயு, அணை, நிலக்கரிச் சுரங்கம், எது பிடிக்கிறதோ அது. தீர்ந்துபோவதெல்லாம் இடது பக்கம், தீராததெல்லாம் வலது பக்கம். வகுப்பே ஒரு கண்காட்சியாக ஆகிவிடும். பிரின்சிபால் வில்பிரட் சார் அசந்துபோவார். இதுதான் திட்டம்.

மூன்றாவது பீரியட் மணி அடித்தது. சத்யா உள்ளே நுழைந்தாள். நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

காற்றாலை. எந்தப் பக்கம் திரும்பினாலும் காற்றாலை. தெர்மாகோல் அடிப்பலகை, அதன்மேல் பச்சைத் தூள் தூவிய புல்தரை, ஒரு வெள்ளைக் கம்பம், உச்சியில் ரோஸ் அட்டையில் நாலு இறக்கை. அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோல் முப்பத்தொரு காற்றாலைகள். மீதி மூன்று பேரில் முகிலன் ஒரு வறட்டியைக் கொண்டு வந்திருந்தான், ஒருத்தி சூரிய ஒளியில் ஓடும் பழைய கால்குலேட்டரைக் கொண்டு வந்திருந்தாள், இன்னொருத்தன் வயிற்றுவலி என்று லீவு.

இடது பக்கம் காலி. வலது பக்கம் நிற்க இடமில்லை.

அது மட்டுமா? ஒவ்வொரு அடிப்பலகையைச் சுற்றியும் ஜிகினா லேஸ் ஒட்டியிருந்தது. அந்தத் தங்க நிற லேஸைச் சத்யாவுக்கு நன்றாகத் தெரியும். சீர்வரிசைத் தட்டானாலும் சரி, கொலு பொம்மையானாலும் சரி, அதை ஒட்டாமல் ஒரு பொருளையும் வெளியே அனுப்பாத கை ஊரிலேயே ஒன்றுதான்.

அத்தை!

ஸ்டாக் எடுத்த லட்சணம் இதுதானா! சத்யாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதற்குள் வில்பிரட் சார் உள்ளே வந்து, கடைசி பெஞ்சில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வேறு வழி? ஆரம்பித்தாள்.

"நாம செலவு பண்ற சக்தி ரெண்டு வகை. ஒண்ணு, செலவழிச்சா திரும்ப வராது. இன்னொண்ணு, வந்துகிட்டே இருக்கும். வராதது எது, சொல்லுங்க பார்க்கலாம்."

"நிலக்கரி மிஸ்!" "டீசல்!" "எங்க வீட்டு கேஸ் சிலிண்டர்!"

விக்கி எழுந்தான். அவன் அப்பா துரை ஜி.எஸ்.டி. ரோட்டில் பெட்ரோல் பங்க்கில் வேலை பார்க்கிறவர். "மிஸ், பெட்ரோல் தீராது மிஸ். எங்கப்பா பங்க்ல தினமும் லாரி வந்து ரொப்பிட்டுப் போகுது. நானே பார்த்திருக்கேன்."

வகுப்பு சிரித்தது. சத்யாவுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததும் கொஞ்சம் தைரியமும் வந்தது.

"சரிதான் விக்கி. உங்கப்பா டேங்கை லாரி ரொப்புது. லாரி எங்க ரொப்பிக்குது?"

"சுத்திகரிப்பு ஆலையில மிஸ்."

"அந்த ஆலைக்கு எங்கிருந்து வருது?"

"பூமிக்குள்ள இருந்து."

"பூமிக்கு யார் லாரி அனுப்புறாங்க?"

விக்கி வாயைத் திறந்தான், மூடினான், உட்கார்ந்தான். கடைசி பெஞ்சில் பேனா ஏதோ எழுதியது.

"சரி, இப்போ தீராதது. காத்து! எல்லாரும் உங்க காற்றாலையைப் போடுங்க."

முப்பத்தொரு சுவிட்சுகள் டிக் டிக்கென்று விழுந்தன. முப்பத்தொரு காற்றாலைகளும் விர்ரென்று சுற்றின. பிள்ளைகள் கை தட்டினார்கள். ஒரு நிமிஷம் சத்யாவுக்கே மனசு குளிர்ந்துவிட்டது.

அப்போதுதான் எப்சி எழுந்தாள். எப்சி எழுந்தால் டீச்சர்களுக்கெல்லாம் கொஞ்சம் உதறல்தான். பேசாமல் போய் மின்விசிறியை நிறுத்தினாள். திரும்பி வந்து தன் காற்றாலையைப் பார்த்தாள்.

"மிஸ், காத்தே இல்ல. ஆனா இது சுத்துது."

"அது..."

"நாகர்கோவிலுக்குச் சித்தி கல்யாணத்துக்குப் போனப்போ ஆரல்வாய்மொழியில பெரிய காற்றாலை பார்த்தேன் மிஸ். காத்து அடிச்சு இறக்கை சுத்தி அதுல கரண்ட் வரும்னு எங்கப்பா சொன்னார். இதுல பேட்டரி கரண்ட்ல இறக்கை சுத்துது. அப்போ இது காற்றாலையா மிஸ்?"

வில்பிரட் சார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

மழுப்பிவிடலாம். 'இது சும்மா காட்டுறதுக்குத்தான், உட்காரு' என்றால் எப்சி உட்கார்ந்துவிடுவாள். பீரியடும் ஓடிவிடும். வேலை போனால் கடை ஸ்டூல்தான் என்ற நினைப்பும் சத்யாவுக்கு வந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல அவளால் ஆகவில்லை.

"இல்ல எப்சி. இது காற்றாலை இல்ல. இது டேபிள் ஃபேன்."

வகுப்பு குபீரென்று சிரித்தது.

"காத்தைத் தின்னு கரண்ட் கொடுக்கிறதுதான் காற்றாலை. நாம கொண்டு வந்தது கரண்டைத் தின்னு காத்து கொடுக்குது. பேட்டரி தீர்ந்தா இதுவும் தீர்ந்தது. எல்லாத்தையும் தூக்கி இடது பக்கம் வைக்க வேண்டியதுதான். மிஸ் முன்னாடியே பார்த்திருக்கணும். பார்க்கலை. தப்பு என்னோடதுதான்."

சொன்னதும் மனசு லேசானது. அப்புறம்தான் மூளை வேலை செய்தது. மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்தால் சுற்றும். அதே மோட்டாரை நாம் சுற்றினால் அது கரண்ட் கொடுக்குமே!

"எல்லாரும் பேட்டரியைக் கழட்டுங்க!"

அலமாரியிலிருந்து ஒரு சின்ன சிவப்பு எல்.இ.டி. விளக்கை எடுத்தாள். எப்சியின் காற்றாலை ஒயர்களில் மாட்டினாள். "ஊது."

எப்சி கன்னம் உப்ப ஊதினாள். இறக்கை சுற்றியது. விளக்கு எரியவில்லை. விக்கி ஊதினான். முகிலன் ஊதினான். ம்ஹூம்.

"ஒரு காற்றாலையால முடியாது," என்றாள் சத்யா. "எத்தனை இருக்கு நம்மகிட்ட?"

"முப்பத்தொண்ணு மிஸ்!"

"எல்லாம் ஒரே மோட்டார், ஒரே இறக்கை. அப்போ சேர்த்துடலாமே! உங்க சிவப்பு ஒயரைப் பக்கத்துல இருக்கிறவங்க கறுப்பு ஒயரோட முறுக்குங்க. சீக்கிரம்!"

அடுத்த பத்து நிமிஷம் அது வகுப்பறையாகவே இல்லை. பெஞ்சுகளை இழுத்தார்கள். ஒயர்களை முறுக்கினார்கள். 'ஏய், உன் கறுப்பைக் குடுடா' என்று கத்தினார்கள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஓவியாவுக்கு வீசிங். ஊத முடியாதே என்று கண் கலங்கியது.

"நகரும்மா, இதை நான் ஊதுறேன்," என்று ஒரு குரல். வில்பிரட் சார்! கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு வந்து நின்றார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு!"

முப்பத்தொரு வாய்கள் ஊதின. விளக்கு எரியவில்லை.

மணி அடிக்க நாலு நிமிஷம். இந்தத் தடவையும் எப்சிதான் குனிந்து பார்த்தாள். "மிஸ், அஞ்சு மட்டும் எதிர்ப்பக்கமா சுத்துது. இறக்கையை மாத்தி மடிச்சிருக்காங்க."

சத்யா பார்த்தாள். ஆமாம், ஐந்து. இடது கைக்காரர் ஒருவர் மடித்தால்தான் இப்படி வரும். பலகை ஒட்டிய அந்த இடது கைக்காரரை அவளுக்குப் பதினோரு வருஷமாகத் தெரியும். இருங்க, வீட்டுக்கு வந்து வைத்துக்கொள்கிறேன்.

"அந்த அஞ்சுலயும் சிவப்பு, கறுப்பு ஒயரை மாத்திப் போடுங்க! மறுபடி! ஒண்ணு, ரெண்டு, மூணு!"

ஊதினார்கள். உயிரைக் கொடுத்து ஊதினார்கள். விளக்கின் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. அப்புறம் முழுசாக எரிந்தது.

வகுப்பு போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு டீச்சர் ஓடி வந்தார். வில்பிரட் சார் ஊதி ஊதிச் சிவந்த முகத்தோடு நின்றார். பிள்ளைகளுக்கு மூச்சு வாங்கியதும் விளக்கு அணைந்தது. "மறுபடி மிஸ், மறுபடி!" மணி அடித்தும் ஒருத்தரும் வெளியே போகவில்லை.

சத்யாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த சந்தோஷம் எத்தனை நேரம்? சரியாக ஆறு நிமிஷம்.

"மிஸஸ் சத்யபிரியா, கொஞ்சம் என் ரூமுக்கு வாங்க."

அவர் மேஜைமேல் ஒரு காற்றாலை. அதைக் கவிழ்த்து வைத்தார். அடிப்பலகையில் ஒரு ஸ்டிக்கர்: 'கங்கா ஃபேன்சி ஸ்டோர், கேம்ப் ரோடு, சேலையூர்.'

"இது உங்க வீட்டுக் கடைதானே?"

"ஆமா சார்."

"மாடல் கொண்டு வரச் சொன்னது நீங்க. வித்தது உங்க கடை. வேலையில சேரும்போது கையெழுத்துப் போட்டீங்களே, படிச்சீங்களா? டீச்சர் தன் மாணவர்கள்கிட்ட வியாபாரம் பண்ணக் கூடாது."

"சார், சத்தியமா எனக்குத் தெரியாது. க்ளாஸுக்குள்ள வந்து பார்த்தப்போதான்..."

"அப்படித்தான் எல்லாரும் சொல்வாங்க."

கண்ணில் நீர் முட்டியது. வகுப்பில் தோற்றிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இந்தப் பழியை எப்படித் தாங்குவது? அதற்குள் வெளியே வாட்ச்மேன் அரிகிருஷ்ணனின் குரல். "அம்மா, பர்மிஷன் இல்லாம போகக் கூடாதும்மா!"

"நவுருப்பா, அவசரம்!"

கதவு திறந்தது. கங்கையம்மாள். நெற்றியெல்லாம் வேர்வை, கையில் ஒரு கட்டைப்பை.

"வணக்கம் சார். நான் சத்யா மாமியாரு. பேட்டரி கொண்டாந்தேன். எந்தப் புள்ளைக்காச்சும் தீந்து போயிருந்தா பேஜாரா பூடும்னுட்டு..." மேஜையைப் பார்த்தாள். மருமகளின் கண்ணைப் பார்த்தாள். பையை மெதுவாகக் கீழே வைத்தாள். "இன்னா ஆச்சு?"

வில்பிரட் சார் ஸ்டிக்கரைக் காட்டினார். "நீங்க வித்ததா?"

"விக்கறதா? நல்லா கேட்டீங்க போ! ஒரு பைசா வாங்கல சார். பசங்களோட அம்மாங்க கடைக்கு வந்து, மாடலுக்கு இன்னா பண்றதுன்னு முழிச்சிக்கினு நின்னாங்க. பெரிய வாத்தியாரு வர்ற அன்னிக்கு ஒரு புள்ளைகூட வெறுங்கையோட நிக்கக் கூடாதுன்னு நானும் என் புள்ளையும் குந்திக்கினு பண்ணோம். சும்மாதான் குட்தேன். வேணும்னா ஒவ்வொரு வூட்லயும் கேட்டுப் பாருங்க. இவளுக்கு ஒண்ணும் தெரியாது. சொன்னா வேணாம்னு சொல்லுவா."

"சும்மா கொடுத்ததுக்கு ஸ்டிக்கர் எதுக்கு?"

"அது விளம்பரம் சார். சும்மா குடுத்தாலும் கடை பேரு தெரிய வேணாமா?"

வில்பிரட் சார் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்பார்கள். இப்போதும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, தேவையே இல்லாமல் ரொம்ப நேரம் துடைத்தார்.

"தப்பைப் பசங்க முன்னாடி ஒத்துக்கிட்டுப் பாடம் நடத்துற டீச்சரை நான் விடமாட்டேன்," என்றார் கடைசியில். "பர்மனென்ட் பண்ணலாம்னு எழுதிடறேன். ஆனா கையெழுத்து கரஸ்பாண்டென்ட் லாசரஸ் சார் போடணும். திங்கட்கிழமை. இந்த ஸ்டிக்கர் போட்டோவை யாரோ அவருக்கும் அனுப்பியிருக்காங்க. அவர் என்ன நினைக்கிறாரோ, எனக்குத் தெரியாது."

கேட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் சத்யாவுக்குப் பொறுக்கவில்லை.

"நான் தோத்தா கடைக்கு வரணும்னு சொன்னதே நீங்கதானே? அப்புறம் ஏன் அத்தை இதெல்லாம்?"

கங்கையம்மாள் மூக்கை உறிஞ்சினாள். "பொங்கலுக்கு என்னமோ வாயில வந்துச்சு, சொல்லிட்டேன். அப்பாலதான் பாக்கறேன், இஸ்கூலுக்குப் போற நாள்ல நீ பாட்டு பாடிக்கினே சோறு கட்றே. லீவு நாள்ல அந்தப் பாட்டு இல்ல. எட்டு வருசமா எங்க வூட்ல அந்தப் பாட்டு இல்ல சத்யா. அதைக் கொண்டாந்து கடையில குந்த வெச்சு நிறுத்தறதுக்கு நான் இன்னா பாவியா?"

சத்யா கேட் வாசலிலேயே மாமியாரைக் கட்டிக்கொண்டாள். அரிகிருஷ்ணன் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்.

சாயங்காலம் நாலேகாலுக்குக் கடைக்கு வந்தாள். வாசலில் கங்கையம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"உன் புருசன் பண்ணிக்கிற வேலையைப் பாரு!"

கல்லா ஸ்டூலில் சுகுமார். பல்லாவரத்தில் இருக்க வேண்டிய மனுஷன் யாரோ ஒரு பெண்ணுக்கு வளையல் அளவு பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க, லீவா?"

"இல்ல. பேப்பர் போட்டுட்டேன்."

"என்னது?"

"நேத்தே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டேன். இன்னிக்கு உன் க்ளாஸ் எப்படிப் போனாலும் சரி, இந்த ஸ்டூல்ல நீ உக்காரக் கூடாதுன்னு தோணிச்சு. அம்மாவுக்கும் முடியலை. யாராவது உக்காரணும்ல?"

அந்த நிமிஷம் அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது, நாலு சாத்து சாத்தலாம் போலவும் இருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்ப. அதை விடு. நீதான் பர்மனென்ட் ஆயிட்டியே? அம்மா சொன்னாங்களே!"

"ஆகலை. கரஸ்பாண்டென்ட் திங்கக்கிழமை கையெழுத்துப் போடணும். போடுவாரான்னு தெரியாது."

சுகுமாரின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவன் மாமூலாக எதையும் பாதிதான் கேட்பான். இன்றைக்கும் பாதிதான் கேட்டிருக்கிறான்.

காலைவரை, அந்த வேலை கிடைக்காவிட்டால் சத்யாவுக்கு மட்டும்தான் வருத்தம் என்றிருந்தது. இப்போது வீட்டில் வேறு சம்பளமே இல்லை. மூன்று பேருக்கும் அது ஒரே நேரத்தில் உறைத்தது. வளையல் வாங்க வந்த பெண் சத்தம் போடாமல் நழுவிவிட்டாள்.

சத்யா கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

"லாசரஸ் சார் வீடு எங்க இருக்கு?"

"பெருங்களத்தூரு. எனக்குத் தெரியும்," என்ற கங்கையம்மாள், அடுத்த நொடியே ரோட்டில் கையைக் காட்டிவிட்டாள். ஆட்டோ வந்து நின்றது. முட்டி வலி எங்கே போனதோ, ஏறி உட்கார்ந்தும்விட்டாள்.

"அம்மா, நீ போகாத! காரியம் கெட்டுடும்!" என்று சுகுமார் ஸ்டூலிலிருந்து அலறினான்.

சத்யா ஆட்டோவையும் பார்த்தாள், அவனையும் பார்த்தாள்.

"நகருங்க அத்தை," என்று பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். "ஆனா அங்க நான்தான் பேசுவேன்."

"பேசேன், யாரு வேணாம்னா?" என்றாள் கங்கையம்மாள். "நீ நிறுத்தினா நான் ஆரம்பிக்கறேன்."